மேனேஜர் வாசலில் கொழிஞ்சி

பெரம்பலூரில் பைபாஸ் ஓரமாக ஒரு நர்சரி இருக்கிறது. ரோஜாப் பதியன் வாங்கப் போன என் கையில், கடைக்காரப் பெண் பளபளப்பான பாக்கெட் ஒன்றைத் திணித்தாள். மேலே ஊதாப் பூ படம். "ரேர் வெரைட்டி சார். காட்டுப் பூ. பாதை ஓரமா வெதச்சு வுட்டீங்கன்னா சும்மா அள்ளும்" என்றாள். உற்றுப் பார்த்தேன். கொழிஞ்சி. பூவைப் பார்த்து மயங்கியவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுங்கியவன் நான் ஒருவன்தான்.

கொழிஞ்சி நம் பக்கத்துக் கரம்பில், உழாத தரிசில், தானாகக் கிடக்கும் செடி. தழையுரத்துக்காக வயலிலும் விதைப்பார்கள். பூ எடுத்ததும் மடக்கி உழுது மண்ணுக்குள் தள்ளிவிடுவார்கள். அதன் அழகைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. உரத்தை யார் வர்ணிப்பார்கள்?

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் நான் தற்காலிக கிளார்க். கல் உடைக்கும் கிரஷரின் தூசியில் அங்கே எல்லாமே வெள்ளை. வேப்பமரம் வெள்ளை, காக்கை வெள்ளை, மத்தியான ரசம்கூட மோர் மாதிரிதான் இருக்கும். மேனேஜர் வெளியூர்க்காரர், ஆபீஸின் பின்கட்டிலேயே குடியிருந்தவர், வெள்ளையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர். அவர் மேசைக்கு மேலே காலண்டரில் ஒரு குளிர்தேசத்துப் பங்களா, பாதையின் இரு பக்கமும் ஊதாப் பூ. அதைக் காட்டி, "மார்கழியில டைரக்டர் வர்றார். நம்ம வாசல்ல இப்படி ஒரு பார்டர் வேணும். யாரால முடியும்?" என்றார்.

பேசாமல் இருக்கும் வித்தை எனக்கு இன்றுவரை கைவரவில்லை. "நான் போட்டுத் தரேன் சார்."

"செஞ்சு காட்டு. உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி அவர்கிட்ட நானே பேசறேன். இல்லன்னா பொங்கலோட கிளம்பிடு."

சுரங்கத்தை ஒட்டிய கரம்பில் காய்ந்து நின்ற கொழிஞ்சிக் காய்களைப் பறித்து விதைத்தேன். ஐப்பசி மழையும் பெய்தது. புல் முளைத்தது, நெருஞ்சி முளைத்தது, கேஷியர் டிபன் பாக்ஸ் கழுவி ஊற்றிய இடத்தில் தக்காளி முளைத்தது. கொழிஞ்சியைக் காணோம். தினமும் ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறி, விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன். "என்னா தம்பி, போஸ்ட்மார்ட்டமா?" என்பார் கேஷியர்.

வீட்டில் புலம்பினேன். அம்மா கேட்டாள்: "மணலோட ஒரல்ல போட்டுத் தேச்சியா? மேல்தோலு கீறாம எப்புட்றா மொளைக்கும்? வெவசாயி வூட்டுப் புள்ளன்னு வெளிய சொல்லித் தொலைக்காத."

தேய்த்தேன். விதையோடு என் கைத்தோலும் கீறிக்கொண்டது. இந்த முறை முளைத்தது, மார்கழியில் பூத்தது, பூத்த அன்றே வெள்ளையாகிவிட்டது. பூச்சிமருந்துத் தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு காலைதோறும் பூக்களைக் குளிப்பாட்டினேன். கிரஷர் ஓடத் தொடங்கும்வரை ஊதா, அப்புறம் விபூதி. மேனேஜர் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மனைவியோடு ஜன்னலில் காத்து நிற்பார்.

டைரக்டர் ரயிலில் வரும் நாள் வந்தது. ஸ்டேஷனுக்கு ஜீப் ஏறுமுன், வாசல் பெருக்கும் அஞ்சலையக்காவிடம் சொன்னேன்: "பெரியவர் வர்றாருக்கா. பார்டர் சுத்தமா இருக்கணும்."

"நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். வயல் வேலையிலேயே வளர்ந்தவர். அது அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

டைரக்டரோடு திரும்பி வந்தால், பார்டரில் ஒரு பூ இல்லை. கறுப்பு மண் புதிதாகப் புரண்டு கிடந்தது. மண்வெட்டியோடு நின்ற அஞ்சலையக்கா என்னை ஓரமாக இழுத்தார். "பூ எடுத்தும் மடக்காம வுட்டிருந்தீங்க. தண்டு முத்திப்போனா மக்குமா? பெரிய மனுசன் பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாரு? எம் புருசனையும் கூட்டியாந்து கொத்தி மூடிட்டேன்."

கையிலிருந்த டைரக்டரின் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். ஏனென்று இன்றுவரை தெரியாது. மேனேஜரின் முகம்தான் அன்று அந்த வாசலில் மிச்சமிருந்த ஒரே ஊதா.

டைரக்டர் குனிந்து மண்ணைக் கிள்ளி மோந்தார். "கொழிஞ்சியா? பதமா மடக்கியிருக்கீங்க. என்னா நடப் போறீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். பெட்டியை இறக்காமலே, "நெல்லுங்க சார்" என்றேன்.

டைரக்டர் சிரிக்கவில்லை. "கல்லு வெட்டுற எடத்துல நெல்லு போடறான். இவன வுட்டுடாதீங்க."

பொங்கல் முடிந்ததும் நிரந்தர ஆணை வந்தது. மேனேஜர் வாசலில் நெல்லும் வந்தது. அவர் மனைவி அந்தக் காலண்டரைக் கழற்றிவிட்டார். கதிர் வெள்ளை வெளேரென்று நின்றதைப் பார்த்து, "நேரா அரிசியாவே வெளஞ்சிடுச்சு, மில்லுக்குப் போற வேலை மிச்சம்" என்றார் கேஷியர்.

நிரந்தர கிளார்க்காக நான் முதலில் டைப் அடித்த காகிதங்களில் ஒன்று, விதை பறித்த அந்தக் கரம்பைச் சுரங்கத்தோடு சேர்க்கச் சொல்லும் கடிதம். தப்பில்லாமல் அடித்திருப்பதாக மேனேஜர் பாராட்டினார்.

நர்சரி பாக்கெட்டோடு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கரம்பில் யாரும் வீடு கட்டிவிடவில்லை. கட்டுவதற்கு இடம் இருந்தால்தானே? பெரிய குழி. அடியில் எங்கேயோ பச்சைத் தண்ணீர். அன்று நான் குனிந்து காய் பறித்த உயரத்தில், இப்போது ஒரு மைனா பறந்து போய்க்கொண்டிருந்தது.