கண்ணாடி வேறு, சவரம் வேறு

கம்பாரில் ஜொஹாரியின் முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தால் மூலையில் ஒரு மடக்கு நாற்காலி கண்ணில் படும். முதுகுத் துணி குறுக்கே கிழிந்து, நீல நைலான் கயிற்றால் தைத்த நாற்காலி. உட்காரப் போகிறவரை ஜொஹாரி விடமாட்டார். "அது கிம் சூன் நாற்காலி" என்பார். ஏன் என்று வாயைக் கொடுத்தால் போச்சு, அன்றைக்கு முடிவெட்ட அரை மணி நேரம் கூடுதலாகும்.

கதை பதினெட்டு வருஷத்துக்கு முந்தியது. ஊருக்கு வெளியே ஈயம் தோண்டித் தீர்த்த இடத்தில், வெள்ளை மணலும் குளமுமாக ஒரு பெரிய வெளி கிடந்தது. இன்று அங்கே எல்லாம் ஒரே மாதிரி மாடி வீடுகள். என்ன அவசரமோ, ஒரு மரத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கார்கள் வந்து நிற்கும். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் பிரியும். பின்கதவுகளைத் திறந்தால் உள்ளே ஹெலிகாப்டர்கள். ஒரு கை நீளம் இருக்கும், பாட்டரியில் ஓடி ரிமோட்டில் பறப்பவை. குளிர்சாதனம் பழுது பார்க்கும் கிம் சூனும், ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் குர்தயால் சிங்கும், இன்னும் ஏழெட்டுப் பேரும் அங்கே வந்ததும் வயசை மறந்துவிடுவார்கள்.

ஜொஹாரியை அங்கே இழுத்துப்போனது கிம் சூன். ஜொஹாரிக்கு அப்போது நாற்பத்தெட்டு, கிம் சூன் ஏழு வயது இளையவர். கிம் சூனின் தாடையில் எண்ணி நாற்பது முடி இருந்தால் அதிகம். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவார். உள்ளே வந்ததும் "சுக்கோர்" என்று ஒரே வார்த்தை. சவரத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது. சூடான துண்டு முகத்தில் விழுந்ததும் கண்ணை மூடுவார். கத்தி தொண்டைக்கு வருவதற்குள் குறட்டை கேட்கும். சீன முதலாளிகளை அழைக்கிற 'தவுக்கே' என்ற பட்டத்தால்தான் ஜொஹாரி அவரை எழுப்புவார்.

"என்ன தவுக்கே, இங்க தூங்கவா வர்ற? கழுத்துல கத்தி இருக்குய்யா!"

"உங்க கையிலதானேண்ணே இருக்கு. அப்புறம் எனக்கென்ன?"

அந்தக் கைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிம் சூன் ரிமோட்டைக் கொடுத்தார். ஹெலிகாப்டருக்குக் கீழே பிரம்புக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனையிலும் பிங்பாங் பந்து கோர்த்திருந்தார், சாய்ந்தாலும் கவிழாமல் இருக்க. ரிமோட்டைப் போட்ட பிறகுதான் பாட்டரியைச் சொருக வேண்டும். பக்கத்தில் போகுமுன் 'ஹோல்ட்' விசையைத் தட்டி மோட்டாரைச் சாகடிக்க வேண்டும். மணலில் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் ஹெலிகாப்டர். இவ்வளவையும் ஜொஹாரி ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். ஹெலிகாப்டர் தன் வாலை அவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கும்வரை அவரை அடிக்க ஆளில்லை. மூன்றாவது மாதம் தனக்கென்று ஒன்றைப் பூட்டி, பந்துகளையும் கழற்றியாயிற்று.

"ஆறு மாசமா நான் தடவிக்கிட்டு இருக்கேன், நேத்து வந்தவர் அலேக்கா நிறுத்துறார்" என்று கிம் சூனே பொருமினார்.

வினை, ஹெலிகாப்டர் முகத்தைத் திருப்பியபோது வந்தது. அது நம்மைப் பார்த்து நின்றால் அதன் வலது நமக்கு இடது. வலப்பக்கம் ரிமோட்டுக் குச்சியைத் தள்ளினால் அது நம் இடப்பக்கம் போகும். எல்லோரும் இதில் கொஞ்ச நாள் தடுமாறுவார்கள்தான். ஜொஹாரியின் தடுமாற்றம் வேறு ரகம். இருபத்தாறு வருஷமாக வாடிக்கையாளருக்குப் பின்னால் நின்று, எதிரே கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பார்த்தே முடி வெட்டியவர். கண்ணாடியில் வலது வலதுதான். எதிரே ஒரு முகம் தெரிந்தால் கை தானாக அந்தக் கணக்கில்தான் போகும்.

ஒரு ஞாயிறு, காற்றில் ஹெலிகாப்டர் சுழன்று அவரைப் பார்த்தது. மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. அவர் வலப்பக்கம் தள்ளினார். அது இன்னும் இடப்பக்கம் வந்தது. பதறிப்போய் முழுசாகத் தள்ளினார்.

"ஹோல்ட் போடு! ஹோல்ட்!" என்று சார்ஜன் கத்தினார்.

காதில் விழுந்தது. ஆனால் விசையைத் தட்டினால் ஹெலிகாப்டர் கல்லைப்போல விழும். ஒவ்வொரு திருகாணியாகத் தன் கையால் பூட்டிய ஹெலிகாப்டர் அது. எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்ற ஆசையில் விரல் போகவில்லை. அது கோட்டைத் தாண்டி வந்து கிம் சூனின் நாற்காலி முதுகைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. கிம் சூன் அந்த நிமிஷம்தான் காப்பி ஊற்ற எழுந்திருந்தார். உட்கார்ந்திருந்தால் கழுத்து.

கிம் சூன் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார், நாற்காலியை மடக்கினார், வேனில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"மெஷின் முக்கியமா, மனுஷன் முக்கியமா?" என்றார் சார்ஜன். "நாலு வாரம் டைம் தர்றேன், அதுவரைக்கும் பறக்கவிடக் கூடாது. முகம் காட்டி ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டு. இல்லாட்டி இந்த மணல்ல கால் வைக்காத."

சார்ஜன் போட்ட கெடுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை கிம் சூன் சவரத்துக்கு வரவில்லை. அடுத்த சனியும் இல்லை. கோப்பிக் கடையில் பார்த்தபோது அந்த நாற்பது முடியும் நீண்டு தொங்கின. "வேலை ஜாஸ்திண்ணே" என்றார், முகம் கொடுக்காமல். வேறு கடைக்கும் போகவில்லை, இவரிடமும் வரவில்லை. ஜொஹாரிக்கு அது யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இந்தக் கையிடம் இனி தொண்டையைக் கொடுக்கமாட்டான் என்று புரிந்தது.

ஹெலிகாப்டரைச் சரிசெய்தார், ஆனால் பறக்கவிட அனுமதி இல்லை. கொல்லையில் பாட்டரி இல்லாத ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றார். மனைவி ரொஹானிதான் ஹெலிகாப்டர். அவரைப் பார்த்து நின்று, குச்சி போகிற பக்கம் தன் வலது இடது பார்த்து நடக்க வேண்டும்; அவளை அடுப்படிப் படியில் கொண்டுவந்து நிறுத்துவது இவர் வேலை.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க சொன்ன பக்கம் நான் போனதே இல்ல. இப்ப பாருங்க என் தலையெழுத்த" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள். முதல் நாளே வாழைக்குள் போனாள். இரண்டாம் நாள் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் கோழிக்கூண்டில் இடித்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என் மூஞ்சியப் பார்த்தா ஏன் கண்ணாடியப் பார்க்கிற மாதிரியே பண்றீங்க? சவரம் பண்றப்ப என்ன செய்வீங்க? அப்ப ஆளுக்கு முன்னாடிதானே நிப்பீங்க?"

ஜொஹாரி ரிமோட்டைக் கீழே இறக்கினார். சவரத்தில் அவர் ஒருநாளும் பக்கம் மாறியதில்லை. ஆளின் இடது கன்னம் தன் வலது கைப்பக்கம் என்பது விரலுக்கே தெரியும். வெட்டுக்கு ஒரு கணக்கு, சவரத்துக்கு ஒரு கணக்கு. இரண்டும் இதே கையில்தான் இருக்கின்றன. "சுக்கோர்" என்று வாய்விட்டுச் சொல்லிக் குச்சியைத் தள்ளினார். ரொஹானி அடுப்படிப் படியில் சரியாக வந்து நின்றாள்.

நாலாவது ஞாயிறு வந்தது. கிம் சூனும் வந்திருந்தார், ஆனால் தன் வேனுக்குப் பின்னால் நின்றார். நாற்காலியைக் கொண்டுவரவில்லை.

ஜொஹாரி ஹெலிகாப்டரை ஏற்றி, முகத்தைத் திருப்பி நிறுத்தினார். சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். அது இடப்பக்கம் சரியும்போதெல்லாம் ஜொஹாரி "சுக்கோர்" என்று முணுமுணுக்க, அது நின்றது. இருபது, முப்பது, நாற்பது. பிறகு குளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று. ஹெலிகாப்டர் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு கோட்டை நோக்கி வந்தது. "சுக்கோர்!" என்று கத்தியபடி குச்சியைச் சரியான பக்கமே இழுத்தார். அது தயங்கி, நிற்கப் பார்த்தது. வேனுக்குப் பின்னால் கிம் சூனின் தலை தெரிந்தது. அதற்கு மேல் ஜொஹாரி எதையும் யோசிக்கவில்லை. ஹோல்டைத் தட்டினார். ஹெலிகாப்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து சிதறியது.

"அம்பத்தொரு செகண்டு" என்றார் சார்ஜன். "இன்னும் ஒம்போது இருக்கு."

கிம் சூன் வேனைச் சுற்றிக்கொண்டு வந்து சிதறலைப் பார்த்தார். "கொஞ்சம் விட்டிருந்தா நின்னிருக்கும்லாண்ணே."

"நின்னிருக்கும். நிக்காமயும் போயிருக்கும்" என்றார் ஜொஹாரி.

"அடுத்த வாரம் வந்து அந்த ஒம்போதையும் முடி" என்று சொல்லிவிட்டுச் சார்ஜன் தன் டீயைத் தேடிப் போனார்.

சனிக்கிழமை காலை ஜொஹாரி கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கிம் சூன் கிழிந்த நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதைத் தைச்சு வைங்கண்ணே. நாளைக்கு உங்க பக்கத்துல போட்டு உக்காரணும்."

ஜொஹாரி அதை வாங்கி மூலையில் சாய்த்தார். துண்டைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்தார். கத்தியை எடுத்தார், திரும்ப வைத்தார். "தவுக்கே, இன்னைக்கு முடி மட்டும் வெட்டிவிடட்டுமா?"

"சுக்கோர்" என்றார் கிம் சூன்.

தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடினார். கத்தி தொண்டைக்கு வருவதற்குள் குறட்டை கேட்டது.