கறை பார்க்கும் மேசை

ஹோட்டல் துணிகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘நடிகை’ என்று பெயர். வைத்தவள் இஸ்திரிப் பிரிவுக்காரி. பெயர் வாங்கியவள் வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். கறை பார்க்கும் மேசையில் உட்கார்ந்துவிட்டாலோ தலையணை உறையில் கடுகளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்து எடுத்துப் போடுவாள். எழுந்து நடந்தால் காலடியில் கிடக்கும் வாளியில் இடித்துக்கொள்வாள். நடிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

விஷயம் இதுதான். காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்த வட்டத்துக்குள் எல்லாம் துல்லியம், வெளியே ஒன்றுமில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கண் தெரியாதவர் என்றால் கும்மிருட்டு என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது.

பஸ்ஸில் அவள் செல்போன் படித்ததை இஸ்திரிக்காரி பார்த்துவிட்டு மேற்பார்வையாளரிடம் போட்டுக்கொடுத்தாள். அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒண்ணு கண்ணு தெரியணும், இல்ல தெரியக்கூடாது. ரெண்டுங்கெட்டானா இருந்தா நான் மேல என்னன்னு சொல்றது? கண்ணு தெரியலைன்னு ஏமாத்தி வேலைக்குச் சேர்ந்தவன்னு உன்னை அனுப்பிடுவாங்கம்மா.”

“ரெண்டும் உண்மைதான் சார்.”

“அதான் குழப்பமே.”

வீட்டில் கணவன் யோசனை சொன்னான். “கறுப்புக் கண்ணாடி ஒண்ணு மாட்டிக்க. ஒரு பய வாய் திறக்க மாட்டான்.”

“மாட்டினா இருக்கற பார்வையும் மறைஞ்சிடுமே.”

“வேலை இருக்குமில்ல.”

மாட்டிக்கொண்டு போனாள். அப்பப்பா, என்ன உபசாரம். வாளியை ஓரமாக எடுத்து வைத்தார்கள். பட்டப்பெயர் வைத்தவளே கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மேற்பார்வையாளருக்கும் குரல் இளகிவிட்டது. பாவம், கண் தெரியாத பெண்ணைப் போய்க் கறை பார்க்கச் சொல்வதா என்று அதே சம்பளத்தில் துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூடத்தில் அவள் பெருமையாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மத்தியானம் வியர்வையில் கண்ணாடி மூக்கில் சரிந்தது. கையிலிருந்த படுக்கை விரிப்பின் நடுவே ஒரு காப்பிக் கறை. கறை பார்க்கும் மேசையில் புதிதாக உட்கார்ந்தவள் கோட்டைவிட்டிருக்கிறாள். எடுத்துப் போடக் கை போயிற்று.

“என்னக்கா, ஏதாவது வேணுமா?” என்று பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கறை உள்ளே போகும்படி விரிப்பை மடித்து வைத்தாள்.