மாட்டுக் கொட்டகை இங்கிலீசு

ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம், புத்தலப்பட்டுக்கு அடுத்த ஊர் அங்கன்வாடியில் கன்னிகா ஆயாவாகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. கூட்டுவது, பருப்பு வேகவைப்பது, மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் அவள்தான். டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுவாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதுகூடப் பாதி நாள் கன்னிகாதான். ஆனால் ஊர்க்காரிகள் வந்தால் நாற்காலியைப் பார்த்துத்தான் கும்பிடு போடுவார்கள். அடுப்பைப் பார்த்து யார் கும்பிடுகிறார்கள்?

அந்த டீச்சரம்மா ரிட்டயர் ஆகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து கன்னிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும், உள்ளூரில் வாழ்க்கைப்பட்டவளாக இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு இப்போது முப்பத்து நாலு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த வருஷம் ஓப்பன் ஸ்கூலில் பத்து எழுதிப் பாஸானால் நாற்காலி. இல்லையென்றால் ஆயுசுக்கும் அடுப்புதான்.

புருஷன் ரமணா திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். வாராவாரம் வருகிறவன், பஸ் ஸ்டாண்டு கடையில் இங்கிலீசு கைடு ஒன்று வாங்கிவந்து கையில் கொடுத்தான். "படி, பாஸ் பண்ணு. டீச்சர் வூட்டுக்காரன்னு நானும் நாலு பேருக்குச் சொல்லிக்கறேன்" என்றான். கன்னிகா அந்தக் கைடைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஓரகத்தி தேன்மொழி வாயைத் திறந்தாள்.

தேன்மொழி, ரமணாவின் தம்பி தீனாவின் பெண்டாட்டி. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். ஏழாவது வரை தமிழில் படித்தவள். தீனா ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து, துன்னுட்டு, தூங்கிட்டுப் போய்விடுவான். இவள் வாயில்லாப் பூச்சி. காலையில் எழுந்து மாடு, சாணி, மாந்தோப்புக் கூலி என்று போய்க்கொண்டே இருப்பாள். அவள் ஒரு நாள் சோறு துன்னும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, நானும் பத்து எய்தலாம்னு கீறேன்."

மாமியார் லட்சுமம்மா பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். "எய்தும்மே, யாரு வாணாம்னா! ரெண்டு மருமவளும் எய்துனா எனுக்குத்தான் பெருமை."

கன்னிகாவுக்கு வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது. ஊரில் இருப்பது ஒரே ஒரு வேலை. அதற்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரா? இத்தனை வருஷம் அந்த அடுப்பில் வெந்தவள் நான். நேற்று வந்தவள் நாற்காலியில் உட்காருவாளா? அவளுக்கு வயிறு எரிந்தது. அது சும்மா பேச்சுக்கு இல்லை. நிஜமாகவே எரிந்து, இரண்டு சொம்பு மோர் குடித்தும் அடங்கவில்லை.

மற்றப் பாடங்களைத் தேன்மொழி தமிழில் எழுதுவதாக ஏற்பாடு. அவளுடைய அண்ணன் புத்தகம் வாங்கி அனுப்பினான். இங்கிலீசுக்கு மட்டும் இருந்தது கன்னிகாவின் கைடு ஒன்றுதான். அது தெலுங்குப் பிள்ளைகளுக்காகப் போட்ட கைடு. மேலே இங்கிலீசு வரி, அதன் அடியில் அதே வரி தெலுங்கு எழுத்தில், அதற்கும் அடியில் தெலுங்கில் அர்த்தம். இந்தப் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர்களுக்கெல்லாம் இங்கிலீசு வருகிற வழியே அதுதான். கன்னிகாவின் கண் எப்போதும் நடு வரியில்தான் நிற்கும்; பார்த்து எழுதிப் பழகும்போது மட்டும் மேல் வரிக்குப் போகும்.

சித்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த சிவசங்கரி மேடம் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். கைடு முழுக்கப் படிக்க வேண்டாம். முக்கியமான வாக்கியங்களுக்குக் கோடு போட்டு, அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். கட்டுரை வந்தாலும் கடிதம் வந்தாலும் அதிலிருந்து எடுத்து ஒட்டவைக்கலாம். "நோட்டிகி ராவாலம்மா" என்பாள் மேடம். வாய்க்கு வரவேண்டும் என்று அர்த்தம். "வாய்ல உருண்டுக்கினே இருந்தா, கை தானா எய்தும்."

ஆகவே கன்னிகா மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும்போது உருட்டினாள். "ட்ரீஸ் கிவ் அஸ் ஷேட் அண்ட் ஃப்ரூட்ஸ். த கவ் ஈஸ் எ யூஸ்ஃபுல் அனிமல். மை டீச்சர் டீச்சஸ் அஸ் வித் லவ் அண்ட் கேர்." பக்கத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த தேன்மொழி கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, கன்னிகா காலையெல்லாம் மென்று முழுங்கியதைத் தேன்மொழி மளமளவென்று ஒப்பித்தாள்!

"பாரேன், காதுல கேட்டே கத்துக்கிச்சு!" என்றாள் லட்சுமம்மா. அந்த வாரம் வந்த ரமணாவும் அதைக் கேட்டான். கேட்டவன் சும்மா இருந்தானா? "தேனு, உன் தலையில இன்னா மெமரி கார்டா வெச்சிக்கினு கீற?" என்று சிரித்தான். கன்னிகாவுக்கு அவன் தலையில் குழம்புச் சட்டியைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. கைடு வாங்கிக் கொடுத்தது எனக்கு; பாராட்டு அவளுக்கா? அன்றைக்கு அவனுக்கு முட்டை வைக்கவில்லை.

அவள் வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தாள். மனதில் நிற்கவில்லை. மாந்தோப்புக்குப் போய்ப் படித்துப் பார்த்தாள். தேன்மொழியும் அங்கேதான் கூலிக்கு வந்தாள். வரவர அவள் நடப்பது, சிரிப்பது, தலை பின்னுவது எல்லாமே கன்னிகாவின் கண்ணை உறுத்தியது. நாற்காலியில் தேன்மொழி உட்கார்ந்திருக்கிற மாதிரியும், தான் அவளுக்கு டீ கொண்டுபோய் வைக்கிற மாதிரியும் பகலிலேயே கண்முன் வந்தது.

அப்படி ஒரு காலையில்தான் அந்த யோசனை வந்தது. பால் கறந்துகொண்டிருந்தாள். தேன்மொழி சாணிக் கூடையோடு வந்து நின்றாள். கன்னிகா வாயைத் திறந்தாள். "மை மதர் கிவ்ஸ் அஸ் ஷேட் அண்ட் ஃப்ரூட்ஸ்."

மரத்தின் தலையை வெட்டிவிட்டு அம்மாவை ஒட்டவைத்தாகிவிட்டது. என் அம்மா நமக்கு நிழலும் பழமும் தருகிறாள்! தேன்மொழி கூடையோடு நின்று கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது. கன்னிகாவுக்குக் குஷி தாங்கவில்லை. தெலுங்கு தெரியாது, கைடைப் பார்த்தாலும் இவளுக்குக் கோழிக் கிறுக்கல்தான், நான் சொன்னதுதான் இவளுக்கு வேதம் என்று நினைத்துக்கொண்டாள். மேலே இங்கிலீசு வரி ஒன்று இருக்கிறதே, அதை யார் வேண்டுமானாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வரியை அவள் படித்தால்தானே தோன்றுவதற்கு!

அதற்குப் பிறகு கொட்டகையில் தினமும் கூத்துதான். "மை டீச்சர் ஈஸ் எ யூஸ்ஃபுல் அனிமல்" என்பாள். "த கவ் டீச்சஸ் அஸ் வித் லவ் அண்ட் கேர்" என்பாள். மாடு பாட்டுக்குத் தவிடு தின்றுகொண்டிருக்கும். லீவு லெட்டருக்கு, "மை வில்லேஜ் ஈஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஊருக்கே காய்ச்சல் வரவழைத்தாள். தேன்மொழி வேலையை முடித்துவிட்டும் போகாமல், கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னொரு தபா சொல்லுக்கா. எனுக்கு வேகமா வர்ல."

"சொல்றேன், நல்லா கேட்டுக்கோ" என்று கன்னிகா இன்னொரு தபா சொன்னாள். அதற்கப்புறம் இன்னொரு தபா. அந்தப் பெண் ஒழுங்காகத் தப்பைக் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று இவள் பட்ட பாட்டை என்ன சொல்ல! சரியான வாக்கியங்களை மத்தியானம் அங்கன்வாடியில், பிள்ளைகள் தூங்கும்போது, தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் மத்தியானம் பருப்புச் சட்டி தேய்க்கவே பொழுது சரியாகிவிடும். பொறாமைக்கு ஒதுக்கிய நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்க அவளால் முடியவில்லை.

மாம்பூ உதிர்ந்து பிஞ்சு விட்டது. பரீட்சை வந்துவிட்டது. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருவரும் எழுதினார்கள். ஒரே பஸ்ஸில் போனார்கள். லட்சுமம்மா இருவர் நெற்றியிலும் விபூதி வைத்து அனுப்பினாள். பஸ்ஸில் தேன்மொழி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி வந்தாள். 'உருட்டு, நல்லா உருட்டு' என்று கன்னிகா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

இங்கிலீசுத் தாளில் வந்த கேள்வி, உங்களுக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றி எழுதுக. கன்னிகாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கோடு போட்ட வாக்கியம் அல்லவா! பேனாவை எடுத்தாள். மேடம் சொன்னது பொய்யில்லை, கை தானாக எழுதியது. "மை டீச்சர் ஈஸ் எ யூஸ்ஃபுல் அனிமல்."

எழுதிவிட்டுப் பார்த்தாள். அடித்தாள். சரி, அடுத்ததை எழுதுவோம் என்று வாய்க்குள் உருட்டினால் மாடு வந்து லவ்வோடும் கேரோடும் பாடம் நடத்தியது. அதையும் அடித்தாள். டீச்சருக்கு எது, மாட்டுக்கு எது, மரத்துக்கு எது? எல்லாத் தலையும் எல்லா வாலும் வாயில் இருந்தன. எது எதற்குச் சொந்தம் என்பது மட்டும் இல்லை. அவள் குரலிலேயே, அவள் அழுத்தி அழுத்திச் சொன்ன தினுசிலேயே, தப்பெல்லாம் வரிசைகட்டி வந்தன. லீவு லெட்டரில் ஊருக்குக் காய்ச்சல் வந்தது. வியர்வை கொட்டி மை கலைந்தது. இரண்டு பெஞ்சுக்கு முன்னால் தேன்மொழியின் முதுகு தெரிந்தது. நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதட்டும், அவளும் இந்தக் கூத்தைத்தானே எழுதுவாள் என்பது ஒன்றுதான் அப்போது கன்னிகாவுக்கு இருந்த ஆறுதல்.

ரிசல்ட்டை ரமணா திருப்பதியிலிருந்து போனில் பார்த்துச் சொன்னான். கன்னிகா எல்லாவற்றிலும் பாஸ், இங்கிலீசில் மட்டும் அவுட். தேன்மொழி எல்லாவற்றிலும் பாஸ். இங்கிலீசில்தான் எல்லாவற்றையும்விட அதிக மார்க்.

"உடு கன்னிகா, மறுபடியும் எய்திக்கலாம்" என்றான் ரமணா. மறுபடியும் எழுதி என்ன செய்ய? அதற்குள் மனு வாங்கி முடித்துவிடுவார்கள். அவளுக்கு வயதும் தாண்டிவிடும். லட்சுமம்மா தேன்மொழிக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள். கன்னிகா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். தேன்மொழி சித்தூர் போய் இன்டர்வியூ முடித்து, ஆர்டரோடு வந்தாள்.

முதல் நாள். இஸ்திரி போட்ட புடவையில் தேன்மொழி அங்கன்வாடிக்கு வந்தாள். கன்னிகா எப்போதும்போல் விடிந்ததுமே வந்து கூட்டித் தெளித்து, பருப்பை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. இருவர் மட்டும்தான். கன்னிகாவால் அடக்க முடியவில்லை.

"ஏன்டி, நான் சொன்னததான கேட்டுக்கினு இருந்த? உனுக்கு மட்டும் எப்டி சரியா வந்துச்சு?"

தேன்மொழி பையை நாற்காலியில் வைத்தாள்.

"ரெண்டாம் நாளே தெரிஞ்சிச்சுக்கா. நீ பாலு ஊத்தப் போனப்போ கைட எடுத்துப் பாத்தேன். மேல இங்கிலீசுலயே போட்டுகீதே. அதுலருந்து அப்டித்தான் படிச்சிக்கினேன்."

"தெரிஞ்சா எதுக்குடி தெனம் கொட்டாயில வந்து குந்திக்கினு, இன்னொரு தபா, இன்னொரு தபான்னு கேட்ட?"

"நீ நிறுத்திடக் கூடாதுன்னுதான்."

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"எனுக்கும் வயிறு எரிஞ்சுதுக்கா" என்றாள் தேன்மொழி. குரல் உயரவில்லை. "வாராவாரம் வர்ற புருசன், கைடு வாங்கியாந்து குடுக்கறான். அத்தை எதுக்கெடுத்தாலும் உன்னத்தான் கேக்குறாங்க. நான் இந்த வூட்டுக்கு வந்ததுலருந்து சாணிதான் அள்ளிக்கினு கீறேன். எனுக்கு இன்னா கீது? நீ தப்பா சொல்லச் சொல்ல, அது உன் வாய்லயே ஒட்டிக்கும்னு எனுக்கு எம்மாஞ் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?"

கரண்டியை எடுத்து இவள் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று கன்னிகாவுக்கு ஆத்திரம் வந்தது. கரண்டி கையிலேயே இருந்தது. இத்தனை மாதமும் அந்த வீட்டில் வயிறு எரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே! "அடிப்பாவி" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் போனால் அழுகை வந்தது, அது நிற்கவில்லை.

வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. தேன்மொழி பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பசங்க வராங்க. கண்ணத் தொடச்சிக்கோ" என்றாள்.

கன்னிகா முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.