டைலரக்காவின் கட்டி

அந்தத் தெருவில் டைலரக்காவிடம் அளவு கொடுக்காத பெண்ணே கிடையாது. யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யார் இளைத்தாள், யார் பெருத்தாள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் உடம்பில் இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் முப்பத்தெட்டு வயதுவரை அவள் குனிந்து பார்த்ததில்லை. பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் இரண்டும் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் அவளும் வேன் ஓட்டுகிற அவள் கணவரும் மட்டும். ஒரு ஞாயிறு மதியம், புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருந்துவிட்டுக் குளிக்கப் போனாள். சோப்புக் கை தற்செயலாகப் பட்டது. தொடைகளுக்கு நடுவே இரண்டு மடிப்பும் மேலே கூடுகிற இடத்தில், தோலுக்கடியில் பட்டாணி போல ஏதோ ஒன்று.

அவள் சித்தி கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் போனாள். மறுநாள் தொட்டுப் பார்த்தால் கட்டி சின்னதாகிவிட்டது. அடுத்த ஞாயிறு, அவர் பக்கத்தில் வந்து படுத்ததும், மறுபடி பெரிசு. இப்படிப் பதுங்கிப் பதுங்கி வளர்கிற நோய் பொல்லாத நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டுவதற்கு டாக்டர் எதற்கு, பயம் போதாதா! அவருக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். அவர் ஒன்றும் கேட்காமல் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்.

மூன்று மாதம் இப்படியே போனது. சோறு இறங்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்தாலும் நினைப்பெல்லாம் கட்டி மேலேயே இருக்க, ஒரு வாடிக்கையாளரின் கவுனைக் கோணலாக வெட்டித் தொலைத்தாள். அன்றைக்குத்தான், உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அவரிடம் வாய் திறந்தாள்.

பெண் டாக்டர்தான். படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "கட்டி எதுவும் தட்டுப்படலையே. எப்பம்மா வீங்குது?" என்று கேட்டார்.

உண்மையை எந்த வாயால் சொல்வது? "தையல் மெஷின்ல ரொம்ப நேரம் உக்காந்தா, டாக்டர். வெயிட்டு தூக்கினாலும்."

டாக்டரின் புருவம் சுருங்கியது. குடல் இறக்கமாக இருக்கலாம், எதற்கும் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று சீட்டு எழுதினார். ஸ்கேன் என்றதும் டைலரக்காவுக்கு உயிரே இல்லை. கதவுவரை போனவள் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லிட்டேன் டாக்டர். வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாத்தான் வீங்குது. நான் செத்துடுவேனா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டையே திருப்பி வாங்கி, பின்பக்கத்தில் படம் வரைந்தார்.

"இது கட்டியே இல்லம்மா. கிளிட்டோரிஸ்னு பேரு. பொறந்ததுலேர்ந்து இருக்கு, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கு. உங்க கைக்குத் தெரியறது நுனி மட்டும்தான். மீதி உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமும் கவட்டை மாதிரி இறங்குது. ஆசை வந்தா ரத்தம் பாயும், வீங்கும். உள்ள ஈரமும் கசியும். அப்புறம் தானா வத்திடும்."

"எதுக்கு அது?"

"சுகத்துக்குத்தான். வேற வேலையே கிடையாது அதுக்கு."

டைலரக்கா படத்தை உற்றுப் பார்த்தாள். பயம் அத்தனை லேசில் விடுமா? "ரெண்டு மடிப்பும் ஒரே அளவா போட்டிருக்கீங்க. எனக்கு இடது பக்கம் பெருசு. அது நோயா?"

"நீங்க அளவெடுத்ததுல யாருக்காவது ரெண்டு தோளும் சமமா இருந்திருக்கா?"

"ஒருத்திக்குக்கூட இல்ல."

"அப்ப என்னை ஏன் கேக்கறீங்க?"

வெளியே வேனுக்குள் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "என்னன்னாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. புற்றுநோய்க்குப் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தாள். வேனில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கட்டி என்று நினைத்ததையும், டாக்டர் சொன்னதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. "நான் வேற நெனச்சேன்," என்றார். "என்னைப் பிடிக்காமப்போய்த்தான் நீ கதவைச் சாத்திட்டேன்னு."

"பிடிக்காமயா?" டைலரக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பிடிச்சதாலதாங்க அது வீங்கியிருக்கு. அதைப் பாத்துத்தான் மூணு மாசமா செத்துச் செத்துப் பொழைச்சேன்."