எது நான் செய்த பாட்டு

மேலப்பாளையத்தில் ஒரு மாடியறையில் நானும் என் நண்பனும் ரெக்கார்டிங் ஸ்டூடியோ தொடங்கினோம். கோயில் கொடைவிழாப் பாட்டு, சர்ச் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் நான் இசையமைத்துக் கொடுத்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒண்ணைப் பிடிச்சாதான்லே பேரு கிடைக்கும். நீ எல்லாத்தையும் தொடுத," என்றான். குத்துப்பாட்டு மட்டும்தான் செய்வேன் என்று சென்னைக்குப் போய்விட்டான்.

ஐந்து வருஷம் அந்த அறையில் தனியாக இருந்தேன். பாடுகிறவர்கள் வருவார்கள், பாடி முடித்ததும் போய்விடுவார்கள். சத்தம் புகாமல் அடைத்த அறை என்பதால் வெளியே மழை பெய்தால்கூடத் தெரியாது.

போன ஆனியில் அவன் திரும்பி வந்தான். அவன் போடுகிற மாதிரியான குத்துப்பாட்டை இப்போது யாரும் கேட்பதில்லையாம். இசையமைக்கச் சொல்லி ஒரு சர்ச் பாட்டை அவனிடம் கொடுத்தேன். மூன்று நாள் மல்லுக்கட்டினான். ஒவ்வொரு முறையும் குத்துத் தாளமே வந்து உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு இது ஒண்ணுதான்லே வருது," என்றான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் பாட்டெல்லாம் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா எது நீ போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியல," என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னான். இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பையை எடுத்துவிட்டான்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியதும், எனக்கென்று ஒரு பாட்டுப் போட உட்கார்ந்தேன். எந்த வகைப் பாட்டாகத் தொடங்குவது என்று தெரியவில்லை. சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.