கழுவக் கூடாத குடுவை

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவை மோந்து பார்த்துவிட்டு, 'குறிப்பிடத்தக்க மணம் எதுவும் இல்லை' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிய மேதை நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு சன்னல் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் சோதனைக்குழாயைக் கையில் பிடித்தபடி, எங்கே தீப்பிடித்துவிட்டது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பிறந்து வளர்ந்தது எண்ணூரில், கழிமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் ஒரு வாடை, காற்று திரும்பினால் இன்னொரு வாடை, மழைக்கு முன்னால் மூன்றாவதாக ஒன்று. எங்கள் குடும்பத்தில் மூக்கு என்பது மூக்குத்தி குத்தவும் கண்ணாடி மாட்டவும்தான். அந்த வாயுவை மோந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: வீடு வந்துவிட்டது.

வாசலில் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா, உள்ளே காலெடுத்து வைக்காமலே சொன்னார்: "சல்பைடு. யார்பா அத்த தொறந்து வெச்சிகினு கீறது? மூடுங்கபா, தலை நோவுது."

நான் எழுத வந்தது அந்த அக்காவைப் பற்றித்தான். நடுவில் நான் வந்து விழுந்துகொண்டே இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோல்கேட் பக்கம் ஒரு கல்லூரியில், வேலை பார்ப்பவர்களுக்காக மாலை நேர டிப்ளமோ நடக்கிறது. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். டிப்ளமோ இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். முதல் வருடமே வேதியியல். அமிலம், காரம், உப்பு. பத்தாம் வகுப்போடு தலைமுழுகிவிட்டோம் என்று நினைத்த சங்கதியெல்லாம் முப்பத்து மூன்று வயதில் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

எங்கள் மேசையில் மூன்று பேர். நான், அக்கா, ராயபுரத்திலிருந்து வரும் ரயில்வே அண்ணன் ஒருவர். அண்ணன் ஷெட்டில் ஃபிட்டர். பெரிய பெரிய எஞ்சினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற மனிதர், பர்னர் பற்றவைப்பதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். பற்றிக்கொண்ட பிறகு இன்னொரு முறை.

அக்கா மீன்பிடிக் குப்பத்துக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்கா அத்திப்பட்டில், அனல் மின்நிலையத்தின் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. என்ன வேலை என்றால், கண்ணாடிச் சாமான் கழுவுவது. எட்டு வருடமாக. பியூரெட் என்று ஒன்று இருக்கிறது. உயரமான கண்ணாடிக் குழாய், உடம்பெல்லாம் கோடு, அடியில் ஒரு சின்னத் திருகு. திருகைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக விழும். அந்தப் பியூரெட்டை எட்டு வருடத்தில் அக்கா எத்தனை ஆயிரம் தடவை கழுவியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவைகூட அதில் எதையும் ஊற்றியதில்லை. ஊற்றுவது மேசையில் உட்காருகிறவர்களின் வேலை.

மேசையில் ஓர் இடம் காலியாகப் போகிறது. "முதல் வருஷ கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணிட்டு வாங்க, உங்களையே உட்கார வைக்கிறேன்" என்று அங்கே இருந்த அதிகாரி சொல்லியிருந்தார். போன வருடம் அக்கா செய்முறைத் தேர்வில் ஃபெயில். இந்த வருடமும் போனால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள். அக்கா கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு தெரிந்தவர் எப்படி ஃபெயில் ஆனார் என்று எனக்குப் புரியவே இல்லை. கேட்டேன்.

"கழுவிட்டேன் நைனா," என்றார்.

"எத்தக்கா?"

"எல்லாத்தியும்."

நடந்தது இதுதான். குடுவையில் அமிலமும் நிறங்காட்டி இரண்டு சொட்டும், பியூரெட்டில் காரம். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு சொட்டில் குடுவைத் தண்ணீர் இளம் ரோஸ் நிறமாகும். அதற்கு என்ட் பாயின்ட் என்று பெயர். அந்த இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று கோட்டைப் பார்த்து எழுதி, தேர்வாளரிடம் நிறத்தைக் காட்ட வேண்டும். அக்காவுக்கு ரோஸ் அழகாக வந்தது. வந்த அடுத்த நொடி குடுவையைக் கவிழ்த்தார், பியூரெட்டைத் திறந்துவிட்டார், இரண்டையும் குழாயடியில் பிடித்து மூன்று தடவை அலசி, தலைகீழாக மாட்டிவிட்டார். தேர்வாளர் வந்து பார்த்தபோது நிறமும் இல்லை, அளவும் இல்லை. அந்தக் கூடத்திலேயே மிகச் சுத்தமான கண்ணாடிக்குச் சுழியம் போட்டுவிட்டுப் போனார்.

"ஏன்க்கா அப்டி பண்ண?"

"நான் எங்க பண்ணேன், கை பண்ணுது. எங்க லேப்ல கலர் வந்துச்சின்னா சாரு 'ஆச்சு'ன்னு சொல்லி ஃபிளாஸ்க இந்தாண்ட தள்ளுவாரு. அவுருக்கு கலர் வந்தா வேலை முடிஞ்சிது. எனக்கு கலர் வந்தா வேலை ஆரம்பிச்சிது. எட்டு வருசம்டா."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "ரயில்வேல இது பெரிய வியாதி மாமு," என்றார். "ரிட்டயர் ஆனவன் வூட்டு கேட்டக்கூட கொடி பாத்துதான் தொறப்பான். மருந்து கீது."

மருந்து ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு மொட்டைமாடியில். அண்ணன் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தார். பையில் மருந்துக் கடையில் வாங்கிய புத்தம்புது டிரிப்ஸ் ட்யூப். ஒரு பாட்டிலில் வினிகர் ஊற்றி, வலை மாட்டும் ஆணியில் தொங்கவிட்டு, ட்யூபைக் கீழே இறக்கினார். ட்யூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினால் சொட்டுகிறது. எங்கள் பியூரெட் தயார். கீழே எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து, துளி சுண்ணாம்பு போட்டோம். செக்கச்செவேல் என்று ஆனது. வினிகர் சொட்டச் சொட்ட, ஒரு கட்டத்தில் அந்தச் சிவப்பு மஞ்சளாகத் திரும்பும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும்.

மூலையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமே, ஆரத்தியெல்லாம் கரைச்சிகினு கீறே. யாரு மாப்ள, இந்தத் தம்பியா?"

"இத்த எவ கட்டுவா? மூக்கே வேலை செய்யாது," என்றார் அக்கா, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிறம் திரும்பியது. அக்கா சரியான சொட்டில் நிறுத்தினார். அடுத்த நொடி கிண்ணம் கவிழ்ந்து, மாடிக் குழாயில் நீர் வந்து, கிண்ணம் பளபளத்தது. மறுபடி கரைத்தோம். மறுபடி கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் கவிழ்த்த பிறகுதான் அக்கா "ஐய" என்பார்.

வலைக்கயிற்றால் கையைக் கட்டிவிடலாம் என்று நான் ஒரு அறிவார்ந்த யோசனை சொன்னேன். அடுத்த கிண்ணம் மஞ்சள் தண்ணீர் என் சட்டையில் முடிந்தது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அண்ணன் பாக்கெட்டிலிருந்து ஒரு சிவப்புக் கைக்குட்டையை எடுத்தார். "இத பாரும்மா. கலர் வந்தா நான் இத்த காட்டுவேன். காட்டிகினு கீற வரைக்கும் ரெண்டு கையும் முதுகு பின்னால. வண்டி நிக்கணும்."

"நான் இன்னா கூட்ஸ் வண்டியா?"

"எக்ஸ்பிரஸ்ஸு. அதுதான் பேஜாரு."

மூன்று ஞாயிறு ஆனது. மூன்றாவது ஞாயிறு கடைசிக் கிண்ணத்தில் நிறம் திரும்பியதும் அக்காவின் கை கிண்ணம் வரை போனது. விரல்கள் விளிம்பைத் தொட்டன. பின்பு இரண்டு கையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வீட்டுக்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டு விசில் அடித்தார். எட்டு வருடப் பழக்கத்தை ஒரு மனுஷி மூன்று ஞாயிற்றில் பிடித்து நிறுத்தினாள். புதன்கிழமை விட்ட சிகரெட்டை வியாழக்கிழமை எடுத்தவன் நான்.

தேர்வு நாள் வந்தது. ஆளுக்கொரு பியூரெட். எனக்கு எதிர்வரிசையில் அக்கா, அவருக்கு நேர் எதிரே அண்ணன், சட்டைப் பாக்கெட்டில் சிவப்பு துருத்திக்கொண்டிருந்தது.

என் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். திருகைத் திறந்தேன், ஃபோர்க்லிஃப்ட் லீவர் என்று நினைத்துத் திறந்துவிட்டேன் போல. இளம் ரோஸைத் தாண்டி, கடும் ரோஸைத் தாண்டி, கோயில் திருவிழா பஞ்சுமிட்டாய் நிறத்தில் போய் நின்றது.

அக்கா கடைசிச் சொட்டுகளைப் பாதிப் பாதியாக விட்டார். ரோஸ் வந்தது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு ரோஸ். அண்ணனின் கைக்குட்டை உயர்ந்தது. அக்காவின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். அளவும் எழுதியாகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் மேளம் அடித்தது.

தேர்வாளர் அந்த வரிசைக்கு வருகிற நேரம், அவருக்கு போன் வந்தது. வெளியே போய்விட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் சிவப்பைத் தூக்கியபடியே நின்றார். அப்போதுதான் பார்த்தேன்: அக்காவின் குடுவையில் ரோஸ் மங்கிக்கொண்டிருந்தது. நம் கண்ணெதிரே, யாரும் தொடாமல், கழுவாமல். சிறிது நேரத்தில் அது வெறும் தண்ணீர். போன வருடம் எப்படி நின்றாரோ, அப்படியே இந்த வருடமும் நிறமில்லாத குடுவையோடு நின்றார் அக்கா.

எனக்குப் பதறிவிட்டது. என் குடுவையோ அசையாமல் பஞ்சுமிட்டாயாக நிற்கிறது. தாழ்ந்த குரலில் சொன்னேன்: "க்கா, என்னாண்ட நிறைய கலர் கீது. கொஞ்சம் ஊத்திக்கோ."

அக்கா பார்த்த பார்வையில் என் குடுவைகூட வெளிறியிருக்கும்.

தேர்வாளர் வந்தார். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எங்கம்மா கலர்?"

"இருந்துச்சி சார். பூட்டுது."

யாரோ சிரித்தார்கள். நான் இல்லை.

"எங்க போச்சு?"

"காத்துல கீற கார்பன் டை ஆக்சைடு உள்ள எறங்கிடுச்சி சார். அது அமிலமாச்சே, கலர துன்னுடும். எங்க லேப்ல கழுவ வர்ற ஃபிளாஸ்கு, மூடி வெச்சதெல்லாம் ரோஸா கீது, தொறந்தே வந்ததெல்லாம் வெள்ளையா கீது. எட்டு வருசமா பாக்குறேன். ஏன்னு இந்த வருசம்தான் தெரிஞ்சிது." ஒரு மூச்சு விட்டு, "இன்னொரு தபா பண்ணட்டா சார்? நீங்க இங்கியே நில்லுங்க" என்றார்.

தேர்வாளர் நின்றார். அக்கா குடுவையைக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவசரமே இல்லை. அதே கோட்டில், அதே சொட்டில், அதே சந்தேக ரோஸ். அண்ணனின் கைக்குட்டை எழும்புவதற்குள் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. தேர்வாளர் இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசமே இல்லை. தாளில் எழுதினார். நகரப் போனவர் திரும்பி, முதுகுக்குப் பின்னால் பின்னியிருந்த அந்த விரல்களைப் பார்த்தார்.

"இப்போ கழுவலாம்மா."

அடுத்தது என் குடுவை. அதையும் தூக்கிப் பார்த்தார். "இது என்னப்பா, ரோஸ் மில்க்கா?" என்றார். எனக்கு ஏதாவது ரசாயனக் காரணம் சொல்லலாம் என்று ஆசைதான். எட்டு வருடம் கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் காரணம் கிடைக்கிறது.

அக்கா பாஸ். அண்ணனும் பாஸ், தாளை வாங்கியதும் ஒரு சிலுவை. நான் செய்முறையில் அரியர், அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும். அழுகிய முட்டைக்கு மணம் இல்லை என்று எழுதியவனுக்கு அது நியாயமான தீர்ப்பு என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அக்கா மேசையில் உட்கார்ந்த முதல் நாள், யார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்திப்பட்டுக்கு போன் போட்டேன். நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஏதோ மோட்டார் சத்தம், கண்ணாடியில் கண்ணாடி இடிக்கும் சத்தம்.

"இன்னாக்கா, பியூரெட்ட புட்ச்சிட்டியா? எப்டி கீது? இப்ப ஃபிளாஸ்க யாரு கழுவுறாங்க? என் அரியருக்கு ஞாயித்துக்கெழம வரட்டா? சொல்லுக்கா!"

"என்ட் பாயின்ட் வருது, போன வையி."