புகையை அளக்கப் போன கண்ணாடித் தகடு

அறுபதுகளில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வு மாணவனாக இருந்தேன். காற்றில் மிதக்கும் தூசியை அளப்பது என் வேலை. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாஸ்லின் களிம்பு தடவிய கண்ணாடித் தகட்டை மொட்டை மாடியில் ஒரு வாரம் வைப்பேன். ஒட்டிய துகள்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவேன். ‘தூசிப் பதிவுக் கருவி’ என்று பெயர் மட்டும் பெரிதாக வைத்திருந்தேன்.

பீளமேட்டில் ஐந்து வீடுகளில் தகடு வைத்தேன். அதில் ஒன்று இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரிக்கு அடுத்த வீடு. உலை மூட்டினால் அந்த மாடியில் நிற்க முடியாது, கண் எரியும். ஆனால் மூன்று வாரமும் அந்தத் தகடுதான் பளிச்சென்று இருந்தது. வாஸ்லின் இளகியிருந்ததற்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டேன். மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று புகையைத் தூக்கி அந்த வீட்டைத் தாண்டிக் கொண்டுபோகிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, “காத்து அவ்வளவு மரியாதையாவா நடந்துக்குது?” என்று மட்டும் கேட்டார்.

நாலாவது வாரம் ஒரு நாள் முன்னதாகவே போனேன். வீட்டுக்கார அம்மா மாடியில் உட்கார்ந்து என் தகட்டைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம்.

“ஏனுங்க தம்பி, நாளைக்குத்தானுங்களே வரோணும்?” என்று பதறினார்.

“எதுக்குங்கம்மா கழுவறீங்க?”

“ஒரே கரியா இருந்துச்சுங்க. காலேஜுல நாலு பேரு பாத்தா எங்க ஊட்டப் பத்தி என்ன நெனப்பாங்க? வாராவாரம் கழுவிப்போட்டு, எண்ணெயும் தடவி வெச்சுப்போடுவேனுங்க.”

சிரிப்பு வந்தது, அந்த நான்கு பக்கத்தை நினைத்ததும் நின்றுவிட்டது. அழுக்கு உங்களுடையது அல்ல, பவுண்டரியுடையது, அதைத்தான் அளக்கிறேன் என்று விளக்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தகட்டை மூடியே வைத்திருப்பதையும் சொன்னேன். “அப்படீங்களா” என்று கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மாடியில் தகடே இல்லை. காலையிலேயே அம்மா அதை எடுத்துக்கொண்டு பவுண்டரி முதலாளியிடம் போயிருக்கிறார். “பாருங்க, இது எங்க அழுக்கு இல்லீங்க, உங்களுது. காலேஜுலயே சொல்லிப்போட்டாங்க” என்று நீட்டினாராம். முதலாளி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கூட இருந்தவர்களும் ஆளுக்கொரு முறை தேய்த்திருக்கிறார்கள். எண்ணுவதற்கு எனக்கு விரல்ரேகைகள்தான் மிஞ்சின.

அம்மா மாடியில் போடும் துணி காயும்வரை, அதாவது மத்தியானம்வரை, உலை மூட்டுவதில்லை என்று முதலாளி ஒப்புக்கொண்டார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பி கொடுத்து, “உங்க மிசினு நல்லா வேல செய்யுதுங்க தம்பி” என்றார். என் ஆய்வேட்டின் அட்டவணையில் அந்த வீட்டுக்கு நேரே ஐந்து வாரத்துக்கும் வெறும் கோடுதான் போட்டேன்.